பத்துக் கேள்விக்கும் ‘இல்லை’

அழுத்தம் என்றால் என்னவென்று கைலாசபுரத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 1965-இல் தொடங்கிய திருச்சி பெல் கொதிகலன் ஆலையோடு சேர்ந்து வளர்ந்த குடியிருப்பு அது. பெரிய மின் நிலையங்களுக்குப் போகும் கொதிகலன்களில் 240 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நீராவி ஓடும். அதனால் பற்றவைத்த இடங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். படத்தில் குறை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் குடைந்தெடுத்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி படம் எடுப்பார்கள். குறையைச் சொன்னதற்காக ஒரு குழாய் குப்பைக்குப் போய்விடுவதில்லை. சொல்லாமல் அனுப்பிய குழாய்தான் எங்கோ ஒரு மின் நிலையத்தில், ஆள் நிற்கும்போது வெடிக்கும்.

இதை நாள்தோறும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களும் விடுமுறைக்கு அந்தமான் போகிறார்கள். முன்பு ஹேவ்லாக் என்றிருந்து 2018 முதல் சுவராஜ் தீவு என்று அழைக்கப்படும் இடத்தில், ஸ்கூபா செய்ய ஆசையோடு வரிசையில் நிற்கிறார்கள். பணம் கட்டியாகிவிட்டது. படகு காத்திருக்கிறது. பிள்ளைகள் ஏற்கெனவே நீச்சலுடைக்குள் புகுந்துவிட்டார்கள். அப்போது கைக்கு ஒரு தாள் வருகிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றின் எதிரிலும் ‘ஆம்’, ‘இல்லை’. காலையில் இட்லியோடு பி.பி. மாத்திரை விழுங்கியவர் உட்பட எல்லோருடைய பேனாவும் ‘இல்லை’ வரிசையில் மேலிருந்து கீழே நேராக இறங்குகிறது. இந்தியக் கடற்கரைகளில் தினமும் நடப்பது இதுதான். இதை ஒரு சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கொதிகலனோடு ஒப்பிட்டால் கடல் தரும் அழுத்தம் மிகக் கொஞ்சம். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டலம் கூடும். முதல்முறை போகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோகமாட்டார்கள். அங்கே இருப்பது இரண்டு வளிமண்டலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். உடம்பின் பெரும்பகுதி நீர் என்பதால் தசையும் எலும்பும் இந்த அழுத்தத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. காற்று தங்கும் இடங்களில்தான் சிக்கல்: நுரையீரல், நடுக்காது, முகத்தெலும்புகளுக்குள் இருக்கும் சைனஸ் அறைகள். அழுத்தம் இரட்டித்தால் வாயுவின் கனஅளவு பாதியாகும் என்று 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியக்கூடியது. அதன் மறுபாதியை யாரும் யோசிப்பதில்லை. அழுத்தம் பாதியானால் காற்று இரட்டிக்கும். பத்து மீட்டரில் ஆறு லிட்டர் காற்றை நுரையீரல் நிறைய இழுத்துக்கொண்டு, பயத்தில் மூச்சைப் பிடித்தபடி ஒருவர் மேலே பாய்ந்தால், அந்தக் காற்று பன்னிரண்டு லிட்டராகப் பார்க்கும். நுரையீரலுக்கு அவ்வளவு இடம் கிடையாது. காற்றறைகள் கிழிந்து, குமிழிகள் இரத்தத்தில் ஏறி, மூளைக்குப் போகும் நாளத்தை அடைக்கும். இதற்குப் பெரிய ஆழமும் தேவையில்லை. நுரையீரல் நிறைந்திருந்தால் ஒன்றேகால் மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்தாலே கிழியலாம். மார்பளவு நீர்!

‘நான் காவிரியில் குதித்து வளர்ந்தவன், எனக்கென்ன’ என்ற பேச்சு திருச்சிப் பக்கம் எளிதாக வரும். அம்மா மண்டபத் துறையிலும் கொள்ளிடத்திலும் நீந்தி வளர்ந்தவர்களின் உடல்வலிமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நீச்சலும் ஸ்கூபாவும் வேறு வேறு இயற்பியல். மூச்சை அடக்கி முங்குகிறவர் கரையில் இழுத்த காற்றைத்தான் கீழே கொண்டுபோகிறார். அது ஆழத்தில் சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அதைத் தாண்டிப் பெருகாது. தூத்துக்குடியில் தலைமுறை தலைமுறையாக முத்தும் சங்கும் குளித்தவர்கள் இப்படித்தான் கல்லைக் கட்டி இறங்கி, கயிற்றைப் பிடித்து ஏறினார்கள். 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை அதுதான் முறை. ஸ்கூபாவில் மூச்சு ஆழத்திலேயே, அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே கிடைக்கிறது. உள்ளே போன காற்று வெளியேறியே ஆகவேண்டும். வெளியேறும் வழியில் ஏதாவது அடைப்பு இருந்தால் நீச்சல் தெரிந்திருப்பது உதவாது.

அந்த அடைப்பைத்தான் படிவம் தேடுகிறது.

இன்று உலகெங்கும் புழங்கும் படிவம் 2020-இல் திருத்தி அமைக்கப்பட்டது. கடலடி மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவர்களும் டைவிங் பயிற்சி அமைப்புகளும் சேர்ந்து எழுதியது. முதல் பக்கத்தின் பத்துக் கேள்விக்கும் உண்மையாகவே ‘இல்லை’ என்றால் மருத்துவரிடம் போகத் தேவையில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போகலாம். சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் இரண்டாம் பக்கத்தில் விரிவான கேள்விகள் வரும். அங்கே எல்லாம் ‘இல்லை’ என்றால் அப்போதும் தடை இல்லை. உதாரணமாக, 45 வயதைக் கடந்தவரா என்பது ஒரு கேள்வி. ‘ஆம்’ என்றால் புகைப்பழக்கம், கொழுப்பு, இரத்த அழுத்தம், ஐம்பது வயதுக்குள் இதய நோய் கண்ட நெருங்கிய சொந்தம் என்று அடுத்த பக்கம் விசாரிக்கும். அதிலும் ஒரு ‘ஆம்’ விழுந்தால்தான் மருத்துவர் பார்க்க வேண்டும். அவருக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. சோதித்துப் பார்த்து, ‘போகலாம்’ அல்லது ‘வேண்டாம்’ என்று குறித்துக் கையெழுத்திடுவார். ஒரு கேள்வியை வீட்டிலேயே சோதிக்கலாம்: 1.6 கிலோமீட்டரை 14 நிமிடத்துக்குள் நடக்கவோ, 200 மீட்டரை நிற்காமல் நீந்தவோ சிரமப்படுவீர்களா? கைலாசபுரத்தின் மரநிழல் சாலையில் ஒரு காலைநடை போதும், பதில் தெரிந்துவிடும்.

சில கேள்விகள் பொருத்தமில்லாதவை போலத் தோன்றும். ஒற்றைத் தலைவலிக்கும் கடலுக்கும் என்ன உறவு? கருவில் இருக்கும்போது இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு சிறு திறப்பு இருக்கும். பிறந்த பிறகு மூடிக்கொள்ள வேண்டியது, ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு முழுதாக மூடுவதில்லை. தரையில் வாழ்கிறவரை அதனால் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இல்லை. ஆழத்தில் கரைந்த நைட்ரஜன் ஏறும்போது குமிழிகளாகிச் சிரை இரத்தத்தில் வந்தால், நுரையீரல் அவற்றை வடிகட்டிவிடும். திறப்பு இருப்பவர்களுக்கு அந்த வடிகட்டியைத் தாண்டிக் குமிழிகள் தமனிக்குள் நழுவிவிடலாம். கண்முன் ஒளிக்கீற்றுகள் தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி இந்தத் திறப்பு உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. கேள்வி அதற்காகத்தான்.

நம் வீடுகளில் ஆஸ்துமா என்ற சொல்லே அபூர்வம். ‘வீசிங்’ என்போம், ‘இளைப்பு’ என்போம். ‘சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, இப்ப ஒண்ணும் இல்ல’ என்ற வாக்கியத்தைக் கேட்காத குழந்தை மருத்துவர் இருக்க முடியாது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பம்பு எடுத்து வருடங்கள் ஆகியிருக்கும். ஆனால் டைவிங் தொட்டியின் காற்று அநேகமாக ஈரமே இல்லாதது. கடலில் எதிர்நீச்சல் போடும்போது மூச்சும் வேகமாகும். அமைதியாக இருந்த மூச்சுக்குழல் சுருங்குவதற்கு இவை இரண்டும் போதும். சுருங்கினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும், ஏறும்போது அந்தப் பகுதி மட்டும் உப்பும். அதற்காக ஆஸ்துமா கண்டவர் எல்லோருக்கும் கடல் மூடிவிட்டது என்று பொருளில்லை. ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. 2003-இல் பிரிட்டிஷ் மார்புநோய்ச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், நன்றாகக் கட்டுப்பாட்டில் உள்ள, உடற்பயிற்சியாலும் குளிராலும் மனப்பதற்றத்தாலும் தூண்டப்படாத ஆஸ்துமாக்காரர்களை, பரிசோதித்த பின் அனுமதிக்கலாம் என்றது. அந்தப் பரிசோதனைக்குப் போகிற வழி ‘ஆம்’ என்ற கட்டத்தில்தான் தொடங்குகிறது.

சர்க்கரையின் கதை இதைவிட விரிவானது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. உயர் இரத்த அழுத்தம் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல். இவர்களில் பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஆகவே ‘இல்லை’ என்று எழுதுகிறவர்களிலும் இரண்டு வகை உண்டு: மறைப்பவர், சோதித்தே பார்க்காதவர். இரண்டாமவரின் மனசாட்சி சுத்தமானது, ஆனால் அவருடைய தாளும் முதலாமவருடைய தாளைப் போலத் தவறானதே. மூன்றாவதாகவும் ஒரு வகை சேர்க்கலாம். ‘சுகர் கண்ட்ரோல்ல இருக்கு’ என்பதால் ‘இல்லை’ என்று எழுதுபவர். மாத்திரையால் அளவு சரியாக இருந்தால் நோயே இல்லை என்று நினைப்பது நம்மிடையே பரவலான பழக்கம். படிவம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. நீரிழிவைப் பற்றி ஒரு இடத்தில் கேட்கிறது, மருத்துவர் எழுதித் தந்த மருந்து எடுக்கிறீர்களா என்று கடைசிக் கேள்வியில் மறுபடி கேட்கிறது.

நீருக்கடியில் சர்க்கரை தாழ்ந்தால் என்ன ஆகும்? நடுக்கம், குழப்பம், தடுமாற்றம். பதற்றத்துக்கும் இதே அடையாளங்கள். நைட்ரஜன் குமிழிகள் நரம்பைத் தாக்கினாலும் கிட்டத்தட்ட இதே அடையாளங்கள். படகில் இருப்பவருக்கு இந்த மூன்றில் எது என்று ஊகிக்கத் துப்பு வேண்டும். பிரிட்டனில் 1975-இல் நீரிழிவுக்காரர் ஒருவருக்கு நேர்ந்த விபத்தைத் தொடர்ந்து, இன்சுலின் போடுகிறவர்கள் டைவ் செய்யக்கூடாது என்று அந்நாட்டின் பெரிய டைவிங் சங்கம் தடை விதித்தது. 1991-இல் அந்தத் தடையைத் தளர்த்தி, நிபந்தனைகளோடு அனுமதித்தது. 2005-இல் அமெரிக்காவில் கூடிய நிபுணர்கள் அந்த நிபந்தனைகளை எண்களாகவே எழுதினார்கள்: இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன், அரை மணி முன், இறங்கும் தருணம் என்று மூன்று முறை சோதிக்க வேண்டும், சர்க்கரை 150-க்குக் குறையாமலும் இறங்குமுகமாக இல்லாமலும் இருக்க வேண்டும், குளுக்கோஸ் கையோடு இருக்க வேண்டும், உடன் வருபவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், 30 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. முற்றாகத் தடுத்தால் ஒளிப்பார்கள், வழி சொன்னால் வெளியே சொல்வார்கள். மருத்துவ உலகம் தடையிலிருந்து நிபந்தனைக்கு நகர்ந்தது மிகச் சரியான முடிவு. மறைப்பவர் இழப்பது முதலில் இந்தக் கவசத்தைத்தான். குளுக்கோஸ் பொட்டலம் ஏன் வேண்டும் என்று தெரியாத ஒருவரோடு அவர் கடலுக்குள் போகிறார்.

இதயத்தைப் பற்றிச் சுருக்கமாக. நீரில் மூழ்கியதும் கால்களில் இருக்கும் இரத்தம், ஏறத்தாழ 700 மில்லிலிட்டர், மார்புக்கு ஏறுகிறது. ஆரோக்கியமான இதயம் அதைச் சமாளித்துக்கொள்ளும். நீண்டநாள் இரத்தக்கொதிப்பில் தடித்துப்போன இதயம் திணறலாம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். 1992 முதல் 2003 வரையிலான 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் சுமார் நான்கில் ஒன்றில், ஆளை முதலில் செயலிழக்கச் செய்தது இதயம். சான்றிதழில் பெரும்பாலும் ‘மூழ்கி மரணம்’ என்றே இருக்கும். கரையில் நிற்பவர்கள் கடலைக் குறை சொல்வார்கள்.

படிவத்தில் மிகக் கடினமான கேள்வி வலிப்பு பற்றியது. மயங்கி விழுந்ததுண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்கிறது. தரையில் வலிப்பு வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். நீருக்கடியில் வாயிலிருக்கும் ரெகுலேட்டர் நழுவிவிடும், அடுத்த மூச்சு கடல் நீர். மருத்துவர்கள் இதில் எளிதில் விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் அது. ஆனால் இந்தக் கேள்வி யாரிடம், எங்கே வைக்கப்படுகிறது என்று பாருங்கள். அந்தமானுக்கு வருகிறவர்களில் புதுமணத் தம்பதிகள் ஏராளம். ஒரே மேசையில் தோளோடு தோள் உரசி இரண்டு பேர் இரண்டு படிவங்களை நிரப்புகிறார்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரிகிறது. அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்ற நிலை இந்து திருமணச் சட்டத்திலேயே இருந்தது. 1999-இல் வந்த திருத்தம்தான் ‘வலிப்பு’ என்ற சொல்லை அதிலிருந்து நீக்கியது. சட்டம் மாறிவிட்டது. ஜாதகத்தோடு சேர்த்து விசாரிக்கிற சொந்தக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. பெண் பார்த்த நாளிலிருந்து மறைத்து வைத்த ஒன்றை, கல்யாணமான பத்தாம் நாள், படகுத்துறை மேசையில், கணவனோ மனைவியோ எட்டிப் பார்க்கும்போது ஒருவர் ‘ஆம்’ என்று குறிப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது? மனநலச் சிகிச்சை பற்றிய கேள்விக்கும் இதே கதிதான். கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ டைவ் செய்யாதீர்கள் என்று படிவம் தலைப்பிலேயே சொல்கிறது. அதையும் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே பொய் எழுதியவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. கட்டிய பணம் திரும்பாது என்ற நிலையில், அவசரத்தில், கூட்டத்தில், புரியாத மொழியில் கேட்கப்படும் கேள்விக்கு வரும் பதிலில் கேட்டவருக்கும் பங்கு இருக்கிறது. முன்பதிவு செய்யும் அன்றே படிவத்தைக் கைபேசிக்கு அனுப்பிவிடலாம். மருத்துவக் காரணத்தால் விலகினால் பணம் திரும்ப வரும் என்று அதிலேயே எழுதிவிடலாம். கரையில் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, அவரவர் மொழியில் இரண்டு நிமிடம் பேசலாம். இவை எதற்கும் பெரிய செலவு கிடையாது.

மறைத்ததன் விலை கடலோடு முடிவதில்லை. நாள்பட்ட சர்க்கரையையும் சிறுநீரக நோயையும் சொல்லாமல் எடுத்த மருத்துவக் காப்பீட்டில், நிறுவனம் பணம் தர மறுத்தது சரியே என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் இன்னொரு வழக்கு. தனக்குச் சர்க்கரை இருப்பதை முன்கூட்டியே எழுதிக்கொடுத்துப் பாலிசி எடுத்தவருக்கு அமெரிக்கப் பயணத்தில் மாரடைப்பு வந்தது. நிறுவனம் கைவிரித்தது. சொல்லப்பட்ட நோயைத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட பிறகு அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. டைவிங் படிவத்திலும் ஒரு வரி உண்டு: தவறாகச் சொன்னதால் வரும் விளைவுக்கு நானே பொறுப்பு. கையெழுத்து அதன் கீழேதான் விழுகிறது. சாகச விளையாட்டுகளையே ஒதுக்கிவிடும் பயணக் காப்பீடுகளும் இருக்கின்றன, அந்த விதியையும் கிளம்புவதற்கு முன்பே படிக்க வேண்டும்.

விளைவு ஒருவரோடு நிற்பதுமில்லை. முதல்முறை இறங்குபவரின் தொட்டியைப் பின்னாலிருந்து ஓர் இன்ஸ்ட்ரக்டர் பிடித்தபடியே வருவார். அநேகமாக இருபதுகளில் இருக்கும் இளைஞர், மீனவக் குடும்பத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். இறங்கியவர் திடீரென்று துடித்து மேற்பரப்புக்குப் பாய்ந்தால், அவரை விடவும் முடியாமல், அவரோடு வேகமாக ஏறவும் கூடாமல் மாட்டிக்கொள்கிறவர் அவர்தான். ஒரே நாளில் பலமுறை இறங்கி ஏறுவதால் நைட்ரஜன் அவர் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். விருந்தாளி எழுதிய ‘இல்லை’யை நம்பித்தான் அவர் இறங்கினார். குமிழி நோய் கண்டவரை மறு அழுத்த அறையில் வைத்து, சுமார் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். அந்தமானில் அப்படிப்பட்ட அறை கடற்படையின் தன்வந்திரி மருத்துவமனையில், ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரில் இருக்கிறது. சுவராஜ் தீவிலிருந்து கடல் கடந்து போக வேண்டும். அங்கே காத்திருக்கும் மருத்துவர் அந்தத் தாளையும் கேட்கக்கூடும். அதில் பொய்யான ‘இல்லை’ இருந்தால் அவர் தவறான இடத்தில் தேடத் தொடங்கலாம்.

கைலாசபுரத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. குடியிருப்புக்குள்ளேயே பெல் மருத்துவமனை, அதில் வருடக்கணக்கான பழைய சீட்டுகள். டிக்கெட் எடுத்த வாரமே படிவத்தின் எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்து, போட்டுக்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களோடு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போகலாம். டைவிங் அவருக்குப் பழக்கமில்லாத துறையாக இருக்கலாம். அதற்காகவே அவருக்கான குறிப்புகளின் இணைய முகவரி மருத்துவர் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. ஒரு மாதம் கையில் இருந்தால் நுரையீரல் சோதனையோ டிரெட்மில்லோ செய்துகொண்டு வரலாம். மாத்திரையை மாற்ற வேண்டுமென்றாலும் மாற்றி, உடம்பு பழகியதா என்று பார்க்க நேரம் இருக்கும். ‘ஆம்’ என்று எழுதக்கூடாதே என்று பயணத்துக்கு முன் மாத்திரையை நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசமான வழி. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பே வரும்.

மருத்துவர் கையெழுத்துப் போட்ட தாளும் அன்று காலை நிலவரத்தைச் சொல்லாது. விமானத்தில் சளி பிடித்திருக்கலாம், முந்தைய இரவு மீன் சாப்பாடு வயிற்றைக் கலக்கியிருக்கலாம். மூக்கடைப்பு மருந்து போட்டு இறங்கினால், அதன் வேகம் ஆழத்தில் குறைந்து, ஏறும்போது காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ளலாம். இதையும் வாய்திறந்து சொல்லலாம் என்றால், மாற்று நாள் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒரே ஒரு டைவுக்குப் பிறகு 12 மணி நேரமும், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பதால், கடைசி நாள் அதற்கு உதவாது. டூர் திட்டம் போடும்போது டைவை இரண்டாம் நாளில் வைத்தால், சளி பிடித்தவர் அன்று கரையில் உட்கார்ந்துவிட்டு நான்காம் நாள் இறங்கலாம்.